அலுமாரிக்கு மேல் இருந்த கால்

செயற்கைக் கால் செய்கிற கிளினிக்கில் மேற்பார்வையாளராகப் பொறுப்பெடுத்த முதல் வருடம் என் பெருமையெல்லாம் ஒரு வெள்ளைப் பலகையில் இருந்தது. இந்த மாதம் செயற்கைக் கால் இத்தனை, காலுக்கும் முதுகுக்கும் போடுகிற தாங்கிகள் இத்தனை, திருத்திக் கொடுத்தவை இத்தனை என்று அலுவலகச் சுவரில் மார்க்கரால் எழுதி வைப்போம். நிதி தருபவர்கள் வந்தால் நேரே அந்தப் பலகைக்கு முன்னால்தான் போய் நிற்பார்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

அந்த வருடம் முடிகிற நேரம் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் ஒரு பெரியவருக்குச் சக்கர நாற்காலி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களிடம் கால் போட்ட ஒரு அக்காவின் வீடு அந்தப் பக்கம்தான் என்று வழியில் ஞாபகம் வந்தது. முன்னாள் போராளி. 2009 இல் செல் (எறிகணை) பட்டு வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. எட்டு மாதத்துக்கு முன் எங்களிடம் புதுக்கால் போட்டு, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்து காட்டி, சிரித்து, கையெழுத்து வைத்துவிட்டுப் போனவர். 'நன்றாகப் பொருந்துகிறது' என்று கோப்பில் எழுதியது நான்.

படலையைத் திறந்தபோது அவர் கிணற்றடியில் நின்றார். கக்கத்தில் ஒரு தடி, நிலத்தில் ஒரு கால். நிரம்பிய வாளியை மற்றக் கையில் தூக்கிக்கொண்டு சீமெந்துத் தரையில் கெந்திக் கெந்தி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டுப் பாவாடையை இழுத்துவிட்டார்.

"வாங்கோ மிஸ், வாங்கோ. தம்பி, அம்மான்ர காலை எடுத்துக்கொண்டு வா."

ஏழெட்டு வயதுப் பையன் உள்ளே ஓடினான். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கதிரையில் ஏறி, நுனிவிரலில் நின்று, அலுமாரிக்கு மேலிருந்து ஓர் உரப்பையை இழுத்து இறக்கினான். வாயை ரப்பர் பாண்டால் கட்டியிருந்தது. உள்ளே எங்கள் கால். நான் அதை வாங்கித் திருப்பி அடிப்பாதத்தைப் பார்த்தேன். குதியில் தேய்மானம் இல்லை. விரல் பக்கத்து ரப்பரில் மணல் உரசிய ஒரு கோடுகூட இல்லை.

"போட்டால் இந்த இடத்தில புண் வருது மிஸ். கழட்டினால் மாறுது. பேந்து கழட்டியே வைச்சிட்டன்."

"அப்ப ஏன் கிளினிக்கில சொல்லேல்லை அக்கா? நான் கேட்டனான்தானே, நோகுதோ எண்டு?"

"எத்தினை பேர் கால் கிடைக்காமல் இருக்கினம். கிடைச்சதுக்குக் குறை சொல்லுறதோ?"

புண் வந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், சிறிய எலும்பின் தலை துருத்தி நிற்கிற இடம். கறுத்துத் தடித்துப்போயிருந்தது. அந்த எலும்புத் தலையைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. சொக்கெற் (எஞ்சிய கால் உள்ளே போகிற கிண்ணம் போன்ற பகுதி) அங்கே அழுத்தக் கூடாது என்பது இந்தத் துறையில் முதலாம் வருடத்துப் பாடம். பலகையில் அந்தக் கால் ஒரு எண்ணாக ஏறியிருந்தது. நடந்த கணக்கில் அது பூச்சியம்.

நான் ராகமவில் இருக்கும் கல்லூரியில் படித்தவள். செயற்கை அவயவம், தாங்கி என்று இரண்டையும் மூன்று வருடம் சொல்லிக்கொடுக்கிற அந்தக் கல்லூரி 2004 இல்தான் தொடங்கியது. அதற்கு முன் இந்த வேலையைச் செய்தவர்கள் பட்டறையில் நின்று கைப்பழக்கமாகக் கற்றவர்கள். எங்கள் கிளினிக்கிலும் அப்படி ஒரு அண்ணை இருக்கிறார். அவருக்கும் ஒரு கால் செயற்கைக் கால்தான். நான் வந்த புதிதில் ஒரு நோயாளியின் எஞ்சிய காலில் (ஸ்ரம்ப் என்றுதான் எங்களுக்குள் சொல்வோம்) எங்கே பாரம் தாங்கும், எங்கே தாங்காது என்று படித்தபடி குறித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, புத்தகத்தில இருக்கிற கால் இதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரி. புத்தகத்துக் கால் சத்திரசிகிச்சைக் கூடத்தில், நேரமெடுத்து, எலும்பு நுனியை உருட்டி, தசையால் மூடித் தைத்த கால். எங்களிடம் வருகிறவர்களில் பலருடையது மிதிவெடியிலும் செல்லிலும் சிதறி, யுத்தத்துக்கு நடுவே கிடைத்த இடத்தில் வெட்டப்பட்ட கால். தோலுக்கு அடியில் இன்னும் சன்னம் இருக்கும். வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டிய பகுதி கடதாசி மாதிரி மெல்லியதாக இருக்கும். வெடிக்காயங்களில் எலும்பு தன் பாட்டுக்கு வளராத இடத்திலும் வளரும். போன வருடம் சரியாக இருந்த சொக்கெற் இந்த வருடம் குத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சொக்கெற் எப்படி வருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரம்பில் ஈரமான மெல்லிய உறையைப் போட்டு, நனைந்தால் ஊதாவாகிற பென்சிலால் எலும்பு துருத்தும் இடங்களைக் குறிப்போம். மேலே பிளாஸ்ரர் பண்டேஜ் சுற்றுவோம். காய்ந்து கழற்றினால் குறிகள் உட்பக்கத்தில் பதிந்திருக்கும். அதற்குள் பிளாஸ்ரர் கரைத்து ஊற்றினால் நோயாளியின் ஸ்ரம்ப் வெள்ளைக் கல்லாகக் கையில் கிடைக்கும். ஊதாக் குறிகள் அந்தக் கல்லிலும் இருக்கும். பிறகுதான் உண்மையான வேலை. பாரம் தாங்கக்கூடிய இடங்களில் கல்லைச் சுரண்டவேண்டும், நோகிற இடங்களில் பிளாஸ்ரர் அப்பவேண்டும். சுரண்டினால் சொக்கெற் அங்கே இறுகும், அப்பினால் விலகி நிற்கும். சில மில்லிமீற்றர் பிசகினால் கால் அலுமாரிக்கு மேல் போகும்.

அன்று கிளினிக்குக்குத் திரும்பியதும் அந்த அக்காவின் கோப்பை எடுத்தேன். பிளாஸ்ரர் சுற்றியது ஒருவர். கல்லைச் செதுக்கியது வேறொருவர், காலைப் பார்க்காதவர். மாதக் கடைசி, எண்ணிக்கை குறைவு, வேலையைப் பிரித்துக் கொடுத்தால் கெதியாக முடியும் என்று அப்படிப் பிரித்தது சாட்சாத் நான். கல்லை எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. சொக்கெற் வார்த்த பிறகு உள்ளே இருக்கிற கல்லை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். மிஞ்சுவது அளவுத்தாள் மட்டும். அந்த அளவுத்தாளில் சுற்றளவுகள் ஒழுங்காக இருந்தன. தழும்பு எங்கே, தொட்டால் துடிக்கிற இடம் எங்கே என்று ஒரு வரியும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தேன். யார் பிளாஸ்ரர் சுற்றினாரோ அவரேதான் கல்லையும் செதுக்கவேண்டும். அளவுத்தாளில் காலின் படம் வரைந்து தழும்பையும் நோவையும் குறிக்கவேண்டும். எண்ணிக்கை விழுந்தது. நிதி தருபவர் ஒருவரிடமிருந்து காரணம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. நான் நீளமாகப் பதில் எழுதினேன். அவர்களுக்கு விளங்கியதோ என்னவோ, அடுத்த வருடமும் பணம் வந்தது.

இரண்டாவது மாற்றம் கேள்வியில். "நோகுதோ?" என்று முன்னாள் போராளிகளிடம் கேட்பதில் பிரயோசனமில்லை. நோவைச் சொல்லாமல் இருக்கப் பழகியவர்கள் அவர்கள். போதாததற்கு, குறை சொன்னால் அடுத்த முறை கால் தரமாட்டார்களோ என்ற பயமும் உள்ளே இருக்கிறது. ஆகவே வாயைக் கேட்பதை விட்டுவிட்டுத் தோலைக் கேட்கத் தொடங்கினோம். போட்டவுடன் பத்து எட்டு நடந்து காட்டிவிட்டுப் போவதெல்லாம் இல்லை. வளவைச் சுற்றி, படியேறி இறங்கி, அரை மணித்தியாலமாவது நடக்கவேண்டும். பிறகு கழற்றிப் பார்ப்போம். பாரம் தாங்குகிற இடங்களில் சிவந்திருந்தால் பயமில்லை, அது எதிர்பார்த்ததுதான். எந்தச் சிவப்பும் பத்து நிமிடத்தில் மங்கிவிடவேண்டும். மங்காவிட்டால், அல்லது எலும்புக்கு மேல் சிவந்திருந்தால், "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று அவர் எவ்வளவு சொன்னாலும் அன்று கால் வீட்டுக்குப் போகாது. இதனால் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. தூர இடத்திலிருந்து பஸ் எடுத்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

செருப்பு விஷயத்தையும் பட்டுத்தான் படித்தேன். இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1968 இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் சேதியும் சேர்ந்து உருவாக்கிய பாதம் வெறுங்காலோடு நடக்கவும், குந்தவும், வயலில் இறங்கவும் என்று யோசித்துச் செய்தது. யாழ்ப்பாணத்துக்கு அது 80களிலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் இங்கே எந்தச் செயற்கைக் காலுக்கும் பெயர் 'ஜெய்ப்பூர் கால்'தான். பின்னர் ஐ.சி.ஆர்.சி. (சர்வதேச செஞ்சிலுவைக் குழு) வழியாக வந்த பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் கால்களில் இருப்பது வேறு வகை ரப்பர்ப் பாதம். கணுக்கால் அசையாது, குதியில் மென்மையான ஆப்பு இருக்கும். சிறிது குதி உயர்ந்த சப்பாத்துக்குக் கணக்குப் பண்ணிய பாதம் அது. சப்பாத்தோடு நிறுத்தி, கோணம் பார்த்து, நேராக்கி அனுப்புவோம். வீட்டில் அந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடப்பார். குதி தாழ்ந்துவிடும், உடம்பு பின்னுக்குச் சாயும், முழங்கால் பின்பக்கம் இழுபடும். பின்னேரம் முதுகு வலிக்கிறது என்பார். நாங்கள் சொக்கெற்றைச் சுரண்டிக்கொண்டிருப்போம்!

ஆகவே இப்போது முதல் சந்திப்பில் நான் காலைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்வீர்கள் என்று கேட்பேன். மலசலகூடம் குந்துகிறதா, கதிரை மாதிரியா? கிணறா, குழாயா? கோயிலுக்குப் போவீர்களா? தோட்டமா, கடலா, கடையா? நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெறுங்காலோடு நிற்கிற மனிதருக்கும் வங்கியில் சப்பாத்தோடு இருக்கிறவருக்கும் ஒரே கோணத்தில் கால் வைக்க ஏலாது. முழங்காலுக்கு மேலே போனவர்களுக்குக் குந்துகிற மலசலகூடம் பெரிய பிரச்சினை. அதைக் கிளினிக்கில் வெட்கத்தில் சொல்லமாட்டார்கள். நடுவில் ஓட்டை வெட்டிய ஒரு கதிரை, சுவரில் பிடிக்க ஒரு இரும்புக் கம்பி. எங்கள் சந்தியில் ஒட்டு வேலை செய்கிற கடைக்காரர் அரை நாளில் செய்து தருவார். நாங்கள் கொடுத்த பல கால்களைவிட அந்தக் கம்பிகளுக்குத்தான் நன்றி அதிகம் வந்திருக்கிறது.

கடற்கரைப் பக்கத்து அண்ணை ஒருவரை மறக்கமுடியாது. மூன்றாவது முறையும் பாதத்து போல்ட் உக்கிப்போய் வந்தார். "உப்புத் தண்ணியில இறங்கக் கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். "வள்ளத்தை ஆர் பிள்ளை தள்ளுறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் பட்டறை அண்ணைதான் அவருடைய பழைய காலை எடுத்து, சொக்கெற்றின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போட்டு, துருப்பிடிக்காத போல்ட் மாட்டிக் கொடுத்தார். புதுக்கால் ஊருக்குள் போட. "கடலுக்கு ஒரு கால், கலியாணத்துக்கு ஒரு கால்" என்று கடல்கார அண்ணை இப்போதும் சொல்லித் திரிகிறார். அன்றிலிருந்து புதுக்கால் கொடுக்கும்போது பழையதைத் திருப்பி வாங்குவதை நிறுத்திவிட்டோம். முன்பு அதை வாங்கி வைத்துக்கொள்வது ஒழுங்கு. ஏன் அப்படி ஒழுங்கு இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களுக்குச் சொக்கெற்றின் விளிம்பு இடுப்புக்குக் கீழே, உட்காருகிற எலும்பு வரை வரும். அளவெடுக்கவும் பிளாஸ்ரர் சுற்றவும் அந்த இடத்தில் கை வைத்தே ஆகவேண்டும். பெண் ஊழியர் இல்லாத நாட்களில் வந்த பெண்கள், "இன்னொரு நாளைக்கு வாறன்" என்று போய், பிறகு வராமலே விட்டிருக்கிறார்கள். வந்தவர்களிலும் சிலர் தடித்த பாவாடைக்கு மேலேயே அளவு கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கால் எப்படிப் பொருந்தும்? மேற்பார்வையாளராக இருந்துகொண்டு பட்டறைக்குள் நிற்கிற நேரத்தை நான் குறைக்காததற்கு அதுதான் காரணம். பட்டறைக்கும் நடை பழகும் இடத்துக்கும் இடையில் ஒரு திரைச்சீலை போட்டோம். செலவு மிகக் குறைவு.

2022 ஐச் சொல்லாமல் விட ஏலாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எங்கள் வேலையின் நடுவில் இருப்பது ஒரு சூளை. நான்கைந்து மில்லிமீற்றர் தடிப்பான பொலிபுரொப்பிலீன் தகட்டை 180 பாகை அளவில் சூடாக்கவேண்டும். வெள்ளைத் தகடு மெல்ல மெல்லத் தெளிந்து கண்ணாடி போல வரும், நடுவில் தொய்யும். அந்தக் கணத்தில் இரண்டு பேர் கையுறையோடு தூக்கி, கல்லுக்கு மேல் போர்த்தி, பின்பக்கம் விளிம்புகளை அமத்தி ஒட்டி, உறிஞ்சு பம்பைப் போடவேண்டும். அப்போது கரண்ட் போனால் பம்ப் நிற்கும், தகடு கல்லில் ஒட்டாமல் குளிர்ந்துவிடும், எல்லாம் குப்பை. ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. டொலர் ஏறியதில் தகடும் பிளாஸ்ரரும் வந்து சேரவில்லை. இரண்டு தகடுகளை அப்படி வீணாக்கிய பிறகு அட்டவணையை மாற்றினோம். கரண்ட் இருக்கிற நேரம் அதிகாலை என்றால் அதிகாலையில் சூளை. பகலில் கையால் செய்கிற வேலைகள். பெற்றோல் இல்லாமல் ஊழியர்கள் சைக்கிளில் வந்தார்கள். ஒற்றைக் காலால் பெடல் மிதிக்கிற எங்கள் அண்ணைதான் எல்லோருக்கும் முதல் வந்து சூளையைப் போட்டுவிட்டு நிற்பார்.

புதுக்கால் இல்லாத அந்த மாதங்களில்தான் திருத்த வேலையின் அருமை தெரிந்தது. உள்ளுறையை மாற்றி, பட்டியை மாற்றி, சூடுகாட்டி ஒரு பக்கத்தை விரித்துக் கொடுத்தாலே பல கால்கள் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். அதைவிட, வீட்டிலேயே செய்யக்கூடியது எவ்வளவோ. ஸ்ரம்ப் நாள் முழுவதும் ஒரே பருமனாக இருக்காது. காலையில் ஒரு காலுறையோடு இறுக்கமாக இருப்பது மத்தியானத்தில் தளரும். தளர்ந்தால் ஸ்ரம்ப் சொக்கெற்றுக்குள் இறங்கும், முழங்காற் சில்லின் அடி நோகும். அப்போது இன்னொரு காலுறை போட்டால் சரி. இது தெரியாமல் 'கால் பழுதாகிவிட்டது' என்று பஸ் ஏறி வந்தவர்கள் அநேகம். ஸ்ரம்பை இரவில் கழுவவேண்டும். காலையில் கழுவினால் ஈரத்தோடு உறை போட்டுத் தோல் ஊறிவிடும். நல்லெண்ணெய் பூசுவது நல்லதுதான், ஆனால் படுக்கப்போகும்போது. பூசிய கையோடு கால் போட்டால் உள்ளுறை எண்ணெய் குடித்துவிடும், பிறகு அந்த மணம் லேசில் போகாது. புதிதாகக் கால் எடுத்தவர்களுக்கு முழங்காலின் கீழ் தலையணை வைக்கவே கூடாது. பாசத்தில் அம்மாமார் வைப்பார்கள். சில வாரத்தில் முழங்கால் மடிந்தபடியே இறுகிவிடும். பிறகு எப்படிப்பட்ட கால் செய்தாலும் நேராக நிற்க ஏலாது.

இல்லாத கால் நோகிற கதையை நான் கேட்காமல் சொன்னவர்கள் மிகக் குறைவு. நாற்பது தாண்டிய ஒருவர், சண்டைக் களங்களைக் கண்டவர், கதவைச் சாத்திவிட்டு வந்து மெல்லிய குரலில் கேட்டார்: "மிஸ், எனக்கு மண்டையில ஏதும் பிழையோ? இல்லாத பெருவிரல் கடிக்குது." பதினைந்து வருடமாக மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம். இது மூளையில் காலுக்கு இருக்கிற இடம் அழியாததால் வருவது, கால் இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு வருவது என்று சொன்னதும் மனிதர் கதிரையில் சாய்ந்து இருந்துவிட்டார். வி. எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியல் அறிஞர் 1990களில் கண்ணாடியை வைத்து ஒரு பயிற்சி கண்டுபிடித்தார். கண்ணாடியில் தெரிகிற நல்ல கால் இழந்த கால் மாதிரியே இருக்கும். அதை அசைத்து, நீட்டி, விரலைச் சொறிந்து பழகவேண்டும். ஒரு நீளக் கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் சரிவராது. அவருக்குக் கடி பாதியாகக் குறைந்தது.

வெளிவாங்கில் இருக்கிறவர்களின் முகமும் மாறிக்கொண்டு வருகிறது. முன்பு மிதிவெடி, செல். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, முகமாலைப் பக்கம் அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்தது, புதுக் காயங்கள் அருகிவிட்டன. இப்போது அந்த வாங்கில் சீனி வியாதியால் கால் எடுத்த ஐயாமார். அவர்களுக்குப் போராளிகளுக்கு நேரெதிரான பிரச்சினை. நோவை மறைப்பதில்லை, நோவே தெரியாது. ஒரு சின்ன முகக்கண்ணாடி கொடுத்து இரவில் ஸ்ரம்பின் அடியைப் பார்க்கச் சொல்வோம். மிஞ்சியிருக்கிற காலையும் சேர்த்துத்தான். திருவிழா மத்தியானத்தில் சுடுமணலில் நின்று, உணர்ச்சியற்ற மற்றப் பாதமும் கொப்பளித்து வந்த ஒரு ஐயாவுக்குக் கடவுளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என்னைத்தான் ஏசினார்.

போராளிகளுக்கும் வயது போகிறது. இருபதில் கால் இழந்தவர்களுக்கு நல்ல காலின் முழங்கால் தேயத் தொடங்கிவிட்டது. ராகமவில் படிக்கும்போது கால் இழந்த படைவீரர்களையும் பார்த்தேன். காயத்தில் வித்தியாசமில்லை. அவர்களை ஏற்றி இறக்க வாகனம் இருந்தது, மாதம் பிறந்தால் ஓய்வூதியம் இருந்தது. எங்களிடம் வருகிறவருக்கு ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் காசு வேறு. 'நோயாளி ஒத்துழைக்கவில்லை, திரும்பி வரவில்லை' என்று கோப்பில் எழுதுவது லேசு. நானும் நிறைய எழுதியிருக்கிறேன். இப்போது அந்த வசனம் தடை. தூர இடத்தவர்களுக்குக் காலை எட்டு மணிக்கு நேரம் கொடுப்பதில்லை, பஸ் வருகிற நேரத்தைப் பார்த்துக் கொடுக்கிறோம். சின்னத் திருத்தம் என்றால் அன்றைக்கே முடித்து அனுப்பவேண்டும். மாதத்தில் ஒரு நாள் சூடுகாட்டுகிற கருவி, அறுக்கிற கத்தி, உறைத்துண்டுகள், திருகுச்சாவிகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு நாங்களே போகிறோம்.

வெள்ளைப் பலகை இன்னும் இருக்கிறது. ஒரு நிரல் கூடியிருக்கிறது: ஆறு மாதத்துக்குப் பிறகு அடிப்பாதம் தேய்ந்திருக்கிறதா? நிதி தருபவர்களுக்கு இந்த நிரலை விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் பிடிக்கும். தேய்மானம் கூடினால் ஏன் நாங்கள் சந்தோஷப்படுகிறோம் என்று கேட்பார்கள்.

அந்த அக்காவுக்கு இரண்டாவது காலை நானே பிளாஸ்ரர் சுற்றி நானே செதுக்கினேன். எலும்புத் தலைக்கு மேல் தாராளமாகவே அப்பினேன், பட்டறை அண்ணை பெருவிரலால் தடவிப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்றார். இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாம் முறைதான் கால் வீட்டுக்குப் போனது. மறு வருடம் பெட்டியோடு அந்தப் பக்கம் போனபோது அவர் கிணற்றடியில் காலோடு நின்று உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். பாதம் முழுக்கச் சவர்க்கார நுரை.

"அக்கா, காலை நனைக்க வேண்டாம் எண்டு சொன்னனான்."

"சொன்னனீங்கள்தான்" என்றார், அலசிய சட்டையைப் பிழிந்தபடி.

வாங்கில் இருத்திக் கழற்றிப் பார்த்தேன். தோல் சுத்தமாக இருந்தது. குதி ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்து, விரல் நுனி ரப்பர் பிய்ந்து, போல்ட் தலை முழுக்கத் துரு. கடல்கார அண்ணைக்குப் போட்ட மாதிரி ஒரு போல்ட் பெட்டியில் இருந்தது. பையன் இப்போது உயர்ந்துவிட்டான், திருகுச்சாவியைத் தானே வாங்கி முறுக்கினான்.